தட்டிப் பார்க்காத பலகை

ஏப்ரல் 15 வந்துவிட்டால் எங்களுக்கு உட்கார நேரம் இருக்காது. அன்றைக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. முன்பெல்லாம் 45 நாள்தான், 2017இலிருந்து 61 நாள். மீனவர் வீடுகளில் கைச்செலவுக்குத் திண்டாடும் அந்தக் காலம்தான் படகுத் தச்சுவேலை செய்கிற எங்களுக்கு அறுவடை. மண்டபம் கரையில் படகுகளை ஏற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். படகின் அடியில் ஓடு ஓடாக ஒட்டிக்கொள்ளும் கொட்டலசைச் சுரண்டுகிற சத்தம், பெயின்ட் வாடை, குங்கிலியம் காய்ச்சுகிற புகை. 22 வருஷமாக என் சித்திரையும் வைகாசியும் இப்படித்தான் போகின்றன.

இந்த வேலையில் கையைவிடக் காதுதான் முக்கியம். சுரண்டி முடித்ததும் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு படகின் அடிமரமான ஏராக்கட்டையிலிருந்து மேலே ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல மரம் ‘டொக்’கென்று பேசும். உளுத்துப்போன மரம் ‘பொத்’தென்று முனகும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கடலில் மரத்தைத் துளைக்கிறதே, அதைப் புழு என்கிறோம், உண்மையில் அது சிப்பி இனம். கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக இருக்கும்போது மரத்துக்குள் நுழைந்துவிடும். அப்புறம் வெளியே வராது, உள்ளேயே தின்று உள்ளேயே வளரும். நுழைந்த வாசல் மட்டும் குண்டூசித் துளை அளவிலேயே நின்றுவிடும். மேலே ஒரு கை பெயின்ட் அடித்தால் அதுவும் மறைந்துவிடும்.

ஒன்பது வருஷமாக என்னிடமே வேலைக்கு வரும் படகு ஒன்று உண்டு. உரிமையாளர் சின்ன வயசுக்காரர். “மேஸ்திரிண்ணே, உங்க கை பட்டாப் போதும், நான் பாக்கவே வேணாம்” என்பார். ஒரு வருஷம் சுக்கானுக்குப் பக்கத்துப் பலகையை நான் தட்டாமல் விட்டேன். மறதி இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நானே மாற்றிப் போட்ட பலகை அது. ‘நாம போட்டதுதானே’ என்று பெயின்டைப் பூசிவிட்டேன்.

தடை முடிந்து மூன்றாவது நடையிலேயே படகு தண்ணீர் எடுத்தது. விடிய விடிய பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள். கடவுள் கிருபை, காற்று இல்லாத ராத்திரி. படகை மறுபடி மேலே ஏற்றிவிட்டு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கேக்கில் இறங்குவதுபோல் பிடி வரைக்கும் இறங்கியது. பலகையைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே விரல் பருமனுக்குக் குழாய் குழாயாக, சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாக. பலகை என்று அதில் மிச்சம் இருந்தது வெளித்தோல்தான். அந்தப் பையன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “பரவாயில்லண்ணே, தெரியாம நடந்தது” என்றார். தெரியாமல் நடக்கவில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முடிவு ஜெபம் என்னுடைய முறை. சபையில் எனக்கு நல்ல பெயர். ஓய்வுநாள் பள்ளி வாத்தியார், கமிட்டி உறுப்பினர், தவக்காலம் நாற்பது நாளும் மீன் தொடாதவன். (ராமநாதபுரம் கரையில் அது சின்ன விஷயம் இல்லை.) கண்ணை மூடினேன், வார்த்தைகள் தாமாக வந்து விழுந்தன. வெளியே வரும்போது ஒரு அம்மா, “உருக்கமா ஜெபிச்சீங்க தம்பி” என்றார்கள். ஜெபித்த நேரம் முழுக்க என் மனசு இன்னும் நாலு லிட்டர் பெயின்ட் வாங்க வேண்டுமா, ஆறு லிட்டரா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது மனைவி சாதாரணமாகத்தான் கேட்டாள்: “யாருக்காகங்க கடைசியா ஜெபிச்சீங்க? எனக்குச் சரியாக் கேக்கல.” எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

பைபிளில், வெளிப்படுத்தின விசேஷத்தில், லவோதிக்கேயா என்கிற ஊரின் சபைக்கு எழுதிய வசனத்தை எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். குளிரும் இல்லாமல் அனலும் இல்லாமல் ‘வெதுவெதுப்பு’ என்கிற சொல்லைத்தான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். அதற்கு அடுத்த வசனத்தில் இருக்கும் “எனக்கு ஒரு குறைவுமில்லை” என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கி.பி. 60 வாக்கில் பூகம்பத்தில் இடிந்த ஊர் அது. ரோமாபுரியின் உதவி இல்லாமல் சொந்தப் பணத்திலேயே மறுபடி எழும்பியது. அவ்வளவு கெட்டிக்கார ஊர். ‘நாம போட்ட பலகைதானே’ என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள்.

சோதனை என்றால் புயல் மாதிரி வரும் என்றே நான் நினைத்திருந்தேன். 1964 டிசம்பர் புயல் பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புகளைப் பிடுங்கி எறிந்தது, 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். அதே பாலத்தைத் துருவும் உப்புக்காற்றும் அரித்துக்கொண்டே இருந்தன. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. பக்கத்தில் புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரலில்தான் மறுபடி ரயில் ஓடியது. எனக்கும் வியாதி, கடன், அப்பாவின் சாவு எல்லாம் வந்தன. அப்போதெல்லாம் ஜெபத்தைக் கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். எல்லாம் சரியான பிறகுதான் கை தளர்ந்திருக்கிறது. ஓடுகிற படகைவிடக் கட்டிக்கிடக்கும் படகில்தான் கொட்டலசு அதிகம் ஒட்டும், அதைப் படகுக்காரர்களுக்கு நானே வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவன்.

அதற்கப்புறம் வேலையில் ஒரு மாற்றம் செய்தேன். நான் தட்டிய படகை, என்னிடம் வேலை பழகும் பையன் இன்னொரு தடவை தட்டுவான். முதலில் கூச்சப்பட்டான். “மேஸ்திரி பாத்ததை நான் எப்படிண்ணே...” என்று இழுத்தான். இப்போது கூச்சமே இல்லை, போன வருஷம் இரண்டு பலகையில் என்னை மடக்கினான். எரிச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

என்னைத் தட்டுவதற்கு மனைவி இருக்கிறாள். அவள் தட்டியதில் ‘பொத்’தென்று கேட்ட இடம், தம்பி. வீட்டு மனை எல்லைத் தகராறில் இரண்டு வருஷமாக அவனோடு பேச்சு இல்லை. சண்டையும் இல்லை, சும்மா பேசவில்லை, அவ்வளவுதான். சபையில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்தை மட்டும் மாசா மாசம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ‘காலம் வரும்போது பேசிக்கலாம்’ என்பது நான் அதன்மேல் பூசிய பெயின்ட்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கரையில் நின்றுகொண்டே அவனுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுத்தவுடன் அவன் குரல் பதறியது.

“என்னண்ணே, அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?”