கிரைண்டர் கல் உடைந்த கதை

போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து புனேயில் இருக்கும் அக்காவுக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர் அனுப்பினேன். விலை 9800 ரூபாய், லாரி பார்சல் வாடகை 320. "இன்சூரன்ஸ் போடணுமா சார்?" என்று புக்கிங் பையன் கேட்டான், அதுக்கு வேற காசா என்று வேண்டாம் என்றேன். போய்ச் சேர்ந்தபோது கல்லில் விரிசல், டிரம் நெளிந்திருந்தது.

பார்சல் ஆபீஸில் சண்டை போட்ட பிறகுதான் ரசீதில் இருந்த 'ஓனர்ஸ் ரிஸ்க்' (சேதமானால் பொருளின் சொந்தக்காரர் பொறுப்பு) என்ற இரண்டு வார்த்தை கண்ணில் பட்டது. 2007ஆம் வருஷத்து சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் விதிகளும் என்ன சொல்கின்றன என்றால், லாரிக்காரர்கள் கூடுதல் பொறுப்பு ஏற்பதற்கான அதிக ரிஸ்க் கட்டணம் கட்டாவிட்டால் லாரிக்காரர்களின் பொறுப்பு வாடகையைப் போல பத்து மடங்கோடு நின்றுவிடும். அதாவது எனக்கு அதிகபட்சம் 3200. கோர்ட்டுக்குப் போவதென்றால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் போட்டிருந்தாலும் பேக்கிங் சரியில்லை என்று கையை விரிக்க வாய்ப்பு உண்டு. என் பேக்கிங் என்ன, பழைய பேப்பரும் ஒரு சாக்கும்தான்! அக்காவும் பெட்டியைப் பிரிக்காமலே டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். 'சேதத்துடன் பெறப்பட்டது' என்று அதிலேயே ஒரு வரி எழுதி, பெட்டியோடு போட்டோ எடுத்திருந்தால் பேசவாவது இடம் இருந்திருக்கும்.

அப்புறம் புதுக் கல் வாங்கி அனுப்பினேன். இந்த முறை மரப்பெட்டி, பில் நகல், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து.