அகழி முதலை: தலை மிதக்கிறது, வாய் இன்னும் திறக்கவில்லை

நாங்கள் எடுக்கும் கொலைகார முதலைக் குறும்படத்தில் இதுவரை உருப்படியாக முடிந்த வேலை, முதலையின் தலை கவிழாமல் மிதப்பதுதான். மற்றதெல்லாம் பாதியில் நிற்கிறது.

கதை ரொம்ப எளிது. வேலூர்க் கோட்டை அகழியில் ஒரு காலத்தில் முதலை விட்டிருந்தார்களாம் என்ற பேச்சைக் கேட்காமல் இந்த ஊரில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. அந்த வம்சத்தில் மிஞ்சிய ஒன்று, 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருக்கெடுத்தபோது கிராமத்து ஏரி ஒன்றுக்கு வந்து சேர்கிறது. அகழியிலிருந்து ஏரிக்கு எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. பேய்ப் படத்தில் கதவு தானாகத் திறந்தால் கேட்கிறோமா?

கோட்டை தொல்லியல் துறை வசம் இருக்கிறது. அங்கே படம் எடுக்க முறையாக எழுதி அனுமதி வாங்க வேண்டும். அதனால் அகழி வசனத்தில் மட்டும் வரும். படப்பிடிப்பு முழுக்க அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் நண்பனின் மாமா ஊர் ஏரியில். நிஜ முதலைக்கும் வழியில்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி அது. சாத்தனூர் அணை முதலைப் பண்ணைக்குப் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. ஆனால் அங்கே ஒன்று பிடிபட்டது. மூக்குத் துளை, கண், காது மூன்றும் ஒரே மட்டத்தில், தலையின் மேல்பக்கத்தில் இருக்கின்றன. உடம்பு மொத்தமும் தண்ணீருக்குள் இருந்தாலும் அந்த வரிசை மட்டும் வெளியே தெரியும். அப்போ நாங்கள் செய்ய வேண்டியது தலையும் கொஞ்சம் முதுகும்தான். வால் செலவு மிச்சம்.

தோலுக்குப் பேரணாம்பட்டு. ஷூ, பை தைத்து மிஞ்சிய வெட்டுத் துண்டுகளை எடைக்கு வாங்கலாம். மாட்டுத் தோலில் சூடான அச்சை அழுத்தி முதலைச் செதில் மாதிரி எடுத்ததும் அதில் கிடைக்கும். துண்டு பொறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து பாய் கேட்டார்: “இன்னா தம்பி, பெல்ட் தைக்கப் போறியா?”

“இல்ல பாய், முதலை செய்றோம்.”

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்ததை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “இது வயித்துப் பக்கத்து டிசைன்பா. கட்டம் கட்டமா, வழவழன்னு இருக்குது பாரு. முதுகு மேடு மேடா இல்ல இருக்கும்?” தோலைத் தொட்டே வாழ்கிறவருக்கு அது தெரியாமல் இருக்குமா! தாடைக்கு மட்டும் தோல் வாங்கினேன். முதுகுக்குப் பழைய ஹவாய் செருப்புகளை முக்கோணமாக நறுக்கி, ஓரத்தைத் தேய்த்து, கரும்பச்சை அடித்து வரிசையாக ஒட்டினோம். செருப்பு தண்ணீரிலும் ஊறாது.

உள்ளே தெர்மாகோல். அது லேசு என்பதால் தலை ஏரியில் இறங்கியதும் மல்லாந்து படுத்துக்கொண்டது. அடியில் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டி, கண் மட்டத்துக்கு அமிழ்த்தினோம். இழுப்பதற்குத் தூண்டில் நரம்பு. மூக்கின் மேல் முடிச்சுப் போட்டால் இழுக்க இழுக்க மூக்கு முங்குகிறது. தாடைக்கு அடியில், தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி முடிச்சுப் போட்டால் தலை நிமிர்ந்து, இரண்டு பக்கமும் அலை விரிந்துகொண்டே வருகிறது. அந்த அலையைப் போனில் பார்த்தபோதுதான் எனக்கு முதன்முதலாக வயிற்றைப் பிசைந்தது. இந்த மாதிரிப் படத்தில் காசையும் பொறுமையையும் மிருகத்தில் கொட்டுவதைவிடத் தண்ணீரில் கொட்ட வேண்டும் என்பது என் கட்சி. ரப்பர் முதலையைப் பார்த்தால் ஜனங்கள் சிரிப்பார்கள். காற்றே இல்லாத ஏரியில் ஒரு கோடு மட்டும் கரையை நோக்கி வந்தால் சிரிக்க மாட்டார்கள்.

தண்ணீர் தெறிக்கும் ஷாட்டுகளை நொடிக்கு 60 பிரேமில் எடுத்து 24-இல் ஓட்டுகிறோம். துளிகள் நிதானமாக விழுவதால் கனமான ஏதோ ஒன்று புரண்ட மாதிரி இருக்கிறது. பகலிலேயே எடுத்து இரவாக்கும் வேலையும் உண்டு. வெளிச்சத்தைக் குறைத்து, நீலத்தைக் கூட்டி, வானத்தைப் பிரேமுக்குள் விடாமல் இருந்தால் ஓரளவு ஏமாற்றலாம்.

கண்ணுக்கு மட்டும் நிஜ இரவு வேண்டும். முதலையின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் டார்ச் அடித்தால் சிவப்பாக மின்னும். நாங்கள் பைக்கில் ஒட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை வட்டமாக வெட்டி, மேலே கோலிக்குண்டு வைத்தோம். டார்ச்சைப் போன் லென்ஸை ஒட்டிப் பிடித்தால்தான் எரிகிறது, ஒரு கை தள்ளிப் பிடித்தால் கண் செத்துவிடுகிறது. கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போன ஆயா நின்று பார்த்துவிட்டு, “டேய், மெய்யாலுமே மொதல கீதாடா?” என்று கேட்டது. அதைவிட நல்ல விமர்சனம் இந்தப் படத்துக்கு வரப்போவதில்லை.

ரத்தம் சர்க்கரைப் பாகும் கேசரிப் பவுடரும். நிறம் சாயங்கால வெயிலில் கேசரி மாதிரியே இருந்தது. காபி டிகாக்ஷன் கொஞ்சம் விட்டதும் சரியானது, எறும்புத் தொல்லை மட்டும் தீரவில்லை. எலும்பு முறியும் சத்தத்துக்கு முருங்கைக்காயை மைக் பக்கத்தில் ஒடித்துப் பதிவு செய்தாயிற்று.

பாக்கி இருப்பது வாய். சைக்கிள் பிரேக் கேபிளை இழுத்தால் மேல்தாடை தூக்கும்படி கீல் வைத்துப் பார்க்கிறோம். தூக்குகிறது, ஆனால் தண்ணீருக்குள் மூடும்போது வேகம் வரவில்லை. கதவு ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும். பங்குனி வெயில் ஏறினால் ஏரியில் முழங்கால் தண்ணீர்கூட நிற்காது, அதற்குள் யாரையாவது கடித்தாக வேண்டும்.