கீழே வெயில், மேலே மழை

எங்கள் நெல்லை மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவர்களிடம் எந்த மழைக்குப் பயம் என்று கேட்டால், பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் சொல்வார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும், தாமிரபரணி கரை தாண்டி நெல்லைத் தெருக்களுக்குள் வந்ததையும் நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஆனால் அந்த மழைக்கு நாங்கள் தயாராக இருப்போம். செப்டம்பரிலேயே கூட்டம் போட்டு, தாழ்வான இடங்களின் பட்டியல், மணல் மூட்டை, படகு, கல்யாண மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது வரை சரிபார்த்து வைத்திருப்போம். மக்களும் அந்த மாதங்களில் வானத்தைப் பார்த்தபடியே இருப்பார்கள். கத்திரி வெயிலின் கடைசியில் வரும் இடிமழை அப்படியில்லை. அதை யாரும் ஆபத்தாகவே நினைப்பதில்லை. அதனால்தான் எனக்கு அந்த மழை மேல் பயம் அதிகம்.

2024 ஏப்ரலும் மே முதல் பாதியும் எல்லோரையும் பொசுக்கிவிட்டன. கரூர் பரமத்தி, ஈரோடு பக்கம் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு முடிந்து, வருவாய்த் துறைக்காரர்கள் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அணைகளில் தண்ணீர் இறங்கியிருந்தது. கார் பருவ நெல் சாகுபடிக்கு ஜூன் மாதம் தண்ணீர் கிடைக்குமா என்று அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் பக்கத்து விவசாயிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மே மாத நடுவில், தென் மாவட்டங்களுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையோர மாவட்டங்களுக்கும் இடியுடன் கூடிய கனமழை எச்சரிக்கை அடுத்தடுத்து வரத் தொடங்கியது. ஊரே சந்தோஷப்பட்டது. மழை வரப்போகிறது என்பது எங்கள் பக்கம் அந்த மாதத்தில் நல்ல செய்தி. நல்ல செய்தியை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. எதிர்பார்த்ததைவிட அது கடினமாக இருந்தது.

கோடை மழை பெய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்தக் கஷ்டம் புரியும். பகல் முழுக்க நிலம் சூடேறிக் காற்று மேலே கிளம்புகிறது. மேற்கே அரபிக் கடல், கிழக்கே வங்கக் கடல், இரண்டு பக்கத்து ஈரமும் வந்து சேருகிறது. நடுவில் மலை நிற்கிறது. ஈரக்காற்று மலைச் சரிவில் ஏறும்போது இன்னும் வேகமாக மேலே போய்க் குளிர்கிறது. காலையில் துடைத்து வைத்த மாதிரி இருந்த வானத்தில், மதியம் 2 மணிக்கு மேல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு மேகம் எழும்பி நிற்கும். அது மாவட்டம் முழுக்கப் பெய்யாது. ஒரு மலைச் சரிவில் மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டிவிட்டுக் கரைந்து போகும். பக்கத்து ஊரில் துணி காய்ந்துகொண்டிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். காட்டுக்குள் பத்து சதுர கிலோமீட்டர் பரப்பில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழுந்த தண்ணீர் மட்டும் 50 கோடி லிட்டர். கொஞ்சம் மண்ணுக்குள் போகும், மரம் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். மீதி, செங்குத்தான பாறையில் தங்க இடமில்லாமல் ஒரே ஓடையில் இறங்கும். 5 சென்டிமீட்டர் என்பது வானிலை ஆய்வு மையத்தின் வகைப்படி கனமழைகூட இல்லை. அங்கே 7 சென்டிமீட்டரில்தான் கனமழை தொடங்குகிறது, 12இல் மிகக் கனமழை, 20ஐத் தாண்டினால் அதி கனமழை. சமவெளியில் வயலுக்கு நல்லதென்று சொல்லும் மழை, மலையில் ஒரு சின்ன ஓடையை ஆளை அடித்துக்கொண்டு போகும் வெள்ளமாக்கிவிடும்.

மே 17, வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூட விடுமுறைக் காலம். பக்கத்து மாவட்டமான தென்காசியில், பழைய குற்றால அருவியில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மேலே காட்டில் பெய்த மழை மதியத்துக்கு மேல் திடீரென்று அருவியில் இறங்கியது. பெரியவர்கள், குழந்தைகள் எல்லோரும் படியேறி ஓடும் காட்சியைத் தமிழ்நாடே கைப்பேசியில் பார்த்தது. எங்கள் நெல்லையைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன் தண்ணீரோடு போய்விட்டான். அன்று சாயங்காலம் எங்கள் அறையில் தொலைபேசி மணி நிற்கவே இல்லை. பாதிப் பேர் தங்கள் வீட்டு ஆட்கள் குற்றாலம் போயிருக்கிறார்கள், சேதி ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். ஒரு அம்மா, "என் மவன் போனை எடுக்க மாட்டேங்கான் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மகன் நல்லபடியாக இருந்தான், போனில் சார்ஜ் இல்லை. அது தெரிகிற வரை அந்த அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை தோன்றவில்லை.

இடிமழை எங்கே, எந்த மணிக்கு விழும் என்பதை முந்தின நாளே ஓடை ஓடையாகச் சொல்ல முடியாது. அதை விஞ்ஞானத்தின் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. ஒரு மாவட்டத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்று நாள் கணக்கில் சொல்கிறார்கள். அப்புறம், ராடாரில் மேகம் தெரிந்ததும் அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கை வருகிறது. நடுவில் இருக்கும் இடைவெளியை மனிதர்கள்தான் அடைக்க வேண்டும். "மாவட்டத்தில் ஓரிரு இடங்களில்" என்று வரும் செய்தியை அருவிக்கரையில் நிற்கும் காவலரிடமும், ஆட்டை ஓட்டிக்கொண்டு ஓடையைக் கடப்பவரிடமும் கொண்டு சேர்ப்பதுதான் எங்கள் வேலை.

முன்பெல்லாம் தெருத்தெருவாகப் பறையடித்துத் தண்டோரா போடுவார்கள். 2022இல் அரசு அந்த முறையைக் கைவிடச் சொன்னது. அது சரியான முடிவு, ஒரு மனிதரின் சாதியைத் தோளில் மாட்டிவிட்டுத் தெருவில் நடக்க வைத்த வழக்கம் அது. இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறோம். வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன, அரசு குறுஞ்செய்தியும் போகிறது. ஆனாலும் அந்த வாரம் ஒவ்வொரு மதியமும் நான் மலையடிவாரத்து கிராம நிர்வாக அலுவலர்களையும் கிராம உதவியாளர்களையும் போனில் கூப்பிட்டேன். ஒரு உதவியாளர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"அண்ணாச்சி, இங்க வெயிலு மண்டையப் பொளக்கு. நீங்க எந்த மழையச் சொல்லுதீய?"

"மலையப் பாருங்க. மேல எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மேல கருக்கலாத்தான் கெடக்கு. சரி, நான் ஆத்துக்குப் போயி ஆளுகள ஏத்தி விடுதேன்."

நான் படித்து ஒப்பித்த எச்சரிக்கைச் செய்தி அவரை அசைக்கவில்லை. மலையைப் பாருங்கள் என்ற ஒரே வார்த்தையில் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் பிறந்து வளர்ந்த இடம் அது, நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. மறுநாளிலிருந்து எல்லோரிடமும் முதலில் இதைத்தான் கேட்டேன்: மேலே எப்படி இருக்கிறது?

அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டவை பல. தெளிந்து ஓடும் தண்ணீர் லேசாகக் கலங்கத் தொடங்கினால் மேலே மழை என்று அர்த்தம். சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் நேரம் இல்லை. அருவியின் சத்தம் கனத்துக் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஏற வேண்டும். பையை எடுக்க, செருப்பை எடுக்க, போட்டோ எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. இதெல்லாம் அடிவாரத்துப் பிள்ளைகளுக்குப் பத்து வயதில் தெரியும். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேன் பிடித்து வருகிற குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? எச்சரிக்கைப் பலகையில் "எச்சரிக்கையுடன் குளிக்கவும்" என்று எழுதுவதைவிட இந்த மூன்று அடையாளங்களை எழுதி வைத்தால் உயிர் பிழைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

17ஆம் தேதிக்குப் பிறகு குற்றால அருவிகள் எல்லாவற்றிலும் குளிக்கத் தடை போட்டார்கள். நீலகிரியிலும், மே 18 முதல் 20 வரை சுற்றுலாப் பயணிகள் வருவதைத் தவிர்க்கும்படி ஆட்சியர் கேட்டுக்கொண்டார். தடை போடுவது எளிது என்று சொல்பவர்கள் உண்டு. எளிதில்லை. எண்ணெய் மசாஜ் செய்பவர், நேந்திரங்காய் சிப்ஸ் போடுபவர், வேன் ஓட்டுபவர், துண்டு விற்கும் பாட்டி எல்லோருக்கும் விடுமுறைக் காலம்தான் வருமானம். "மழையே இல்லாத நாளில் எதுக்கு சார் அடைச்சு வச்சிருக்கீங்க?" என்று கடைக்காரர் ஒருவர் எனக்கு வேண்டியவர் மூலம் போன் போட்டுக் கேட்டார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். மழையே பெய்யாமல் போன நாளில் மூடி வைத்ததற்காக நான் வெட்கப்பட மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். ஆனால் அப்படி மூடும் நாட்களுக்கு அவர் ஒருவர் மட்டும் விலை கொடுப்பது நியாயமில்லை என்பதையும் அன்றிலிருந்து வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன்.

வெள்ளம் ஒரு பக்கம் என்றால், இடி இன்னொரு பக்கம். இந்தியாவில் இயற்கைச் சீற்றங்களால் சாகிறவர்களில் மின்னலுக்குப் பலியாகிறவர்கள்தான் அதிகம், ஆண்டுக்கு 2,500 பேருக்கு மேல். பெரும்பாலும் வயலிலும் மேய்ச்சலிலும் இருக்கும் ஏழைகள். மழை வந்தால் மரத்தடியில் ஒதுங்குவது நம் ஊர்ப் பழக்கம். திறந்த வெளியில் ஒற்றை மரம்தான் மின்னலுக்கு மிக ஆபத்தான இடம் என்று ஆடு மேய்ப்பவரிடம் சொன்னால், "அப்ப எங்க போயி நிக்க?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. முதல் இடிச் சத்தம் கேட்டதும் கான்கிரீட் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வந்துவிடுங்கள், கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் வெளியே போகாதீர்கள் என்கிறோம். அரை மணி நேரத்தில் ஆடு எங்கே போகும் என்பது அவர் கவலை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் களக்காடு பக்கம் ஏத்தன் வாழை போட்டவர்களின் போன். இடிமழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று, குலை தள்ளிய வாழையை வரிசையாகச் சாய்த்துவிடும். ஒரு வருட உழைப்பு பத்து நிமிடத்தில் படுத்துவிடுகிறது.

மே 22இல் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானது. அது நம் பக்கம் வரவில்லை. வடக்கே போய் ரிமல் புயலாகி, 26ஆம் தேதி இரவு வங்கதேச, மேற்கு வங்கக் கரையைக் கடந்தது. 30ஆம் தேதி கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. சாரல் காலம் வந்துவிட்டால் மலையில் எப்போதும் மழை இருக்கும், எல்லோரும் கவனமாகவும் இருப்பார்கள்.

எங்களுக்கு மழை அளவு என்பது, முந்தின 24 மணி நேரத்தில் பெய்ததைச் சேர்த்துக் காலை 8.30 மணிக்கு வருவது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று தேயிலைத் தோட்டத்து மழைமானிகளின் எண்கள் வரிசையாக வரும். பருவமழைக்கு அது போதும். மதியம் 3 மணிக்கு விழுந்து 4 மணிக்கு ஆற்றில் இறங்கும் மழையை மறுநாள் காலையில் தெரிந்து என்ன செய்ய? மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகள் என்று ஒரு திட்டம் வந்தது. அவற்றில் ஒரு நல்ல பங்கு சமவெளித் தாலுகா அலுவலக வளாகங்களில் இல்லாமல், ஓடைகள் பிறக்கும் சரிவுகளில் நிற்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. அது வரைக்கும் காத்திருக்க மனம் வரவில்லை. மலை மேல் தெரிந்தவர்களிடம், இடி கேட்கிற நாளில் மட்டும் மதியம் 2 மணிக்கும் 4 மணிக்கும் ஒரு போன் போடச் சொல்லியிருக்கிறோம். அளவு வேண்டாம், லேசா பலமா என்று சொன்னால் போதும். சிக்னல் கிடைக்காத நாளில் அவர்களில் ஒருவர் வளைவுச் சாலை வரை நடந்து வந்து பேசுகிறார்.