சுக்கும் மிளகும் பச்சைக்கறிக்கு மாறுகிறார்கள்

ஜூலை 5, 2025, சனி

இன்று மதியம் சுக்கும் மிளகும் இங்கிலாந்தில் எங்கள் லீட்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மே முதல் வாரத்தில் பிறந்த ஃபெரெட் குட்டிகள். ஃபெரெட் என்பது பார்க்கக் கீரி மாதிரி நீளமாக இருக்கும், கறி தின்னும் வளர்ப்புப் பிராணி. சுக்கு பெண், வெளிர் நிறம், 410 கிராம். மிளகு ஆண், கண்ணைச் சுற்றிக் கருப்புப் பட்டை, 570 கிராம். சமையலறைத் தராசில் கிண்ணம் வைத்து நிறுத்தோம். மிளகு அந்தக் கிண்ணத்திலேயே சுருண்டு தூங்கிவிட்டான். திப்பிலி என்ற பெயர் இன்னும் மிச்சமிருக்கிறது என்றாள் மகள். அவள் அப்பா காதில் விழாத மாதிரி டீ போடப் போய்விட்டார்.

வளர்த்தவர் ஒரு பை உலர்தீனி கொடுத்தனுப்பியிருக்கிறார். தாய்ப்பால் மறந்ததிலிருந்து அதைத்தான் வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்து வந்தாராம். பச்சைக்கறிக்கு, அதாவது வேகவைக்காத இறைச்சிக்கு, மாற்றப் போகிறோம் என்றதும், "தாராளமா மாத்துங்க, ஆனா இப்பவே ஆரம்பிச்சிருங்க" என்றார்.

அந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஃபெரெட் எது உணவு, எது உணவில்லை என்பதை மூக்கால் முடிவு செய்கிறது. அந்த முடிவு பிறந்த இரண்டாம் மூன்றாம் மாதங்களில்தான் பதிகிறது. நாய்க்குட்டிக்குப் பசித்தால் புது வாசனையையும் ஒரு கை பார்க்கும். இதுகளுக்குப் பழகாத வாசனை வந்தால் தட்டில் இருப்பது சாப்பாடு என்றே தோன்றாது. ஆறு மாதம் தாண்டிய ஃபெரெட்டுக்குக் கோழிக்கறியை வைத்தால், ஏதோ பொம்மை என்று உருட்டி விளையாடிவிட்டு பசியோடு போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஜூலை 6, ஞாயிறு

மதுரையிலிருந்து அம்மா வீடியோவில். "என்னடி இது, கீரிப்பிள்ளையா?"

"கீரி இல்லம்மா. நீர்நாய் இருக்குல்ல, அந்தக் குடும்பம்."

"எதுவா இருந்தா என்ன, பாலுஞ்சோறும் பிசைஞ்சு வையி. அதுபாட்டுக்கு வளரும்."

சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுத் தாத்தாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது அப்பா கொட்டகையில் ஃபெரெட் வளர்த்திருக்கிறார், முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே விரட்ட. தீனி? ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பது. இங்கிலாந்து முழுக்க அதுதான் அந்தக் கால வழக்கம். வயிற்றுப்போக்கு அவற்றின் சுபாவம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்களாம். முயல் பிடித்த அன்று மட்டும் ஈரலும் தலையும் கிடைக்கும், அன்றைக்கு வயிறு சரியாக இருக்கும். அதை யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை என்று அவரே சிரித்தார்.

ஃபெரெட்டின் குடல் மிகச் சின்னது, பெருங்குடலின் தொடக்கத்தில் நமக்கு இருக்கும் பை போன்ற பகுதியே கிடையாது. உள்ளே போனது மூன்று நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். மாவுச்சத்தையும் நாரையும் செரிக்க அங்கே நேரமும் இல்லை, இடமும் இல்லை. விலங்குப் புரதமும் கொழுப்பும்தான் அதன் பிழைப்பு. உலர்தீனியிலும் நல்லவை உண்டு. ஆனால் மாவுச்சத்து சேர்க்காமல் அந்த உருண்டையைப் பிடிக்க முடியாது. வயதான ஃபெரெட்டுகளுக்குக் கணையத்தில் கட்டி வருவது சகஜம். அதற்கு இந்த மாவுச்சத்துதான் காரணமோ என்று சந்தேகிக்கிறார்கள், நிரூபணமாகவில்லை. பச்சைக்கறி தின்றால் எந்த நோயும் அண்டாது என்று சத்தியம் செய்கிறவர்களை நான் நம்பவில்லை. நாங்கள் மாற்றுவது பல்லுக்காகவும் வயிற்றுக்காகவும். அவ்வளவுதான்.

ஜூலை 8, செவ்வாய்

முதல் சூப். தோலோடு கோழித்தொடை, ஒரு துண்டு இதயம், ஒரு மஞ்சள் கரு, வெதுவெதுப்பான தண்ணீர். சட்னி ஜார் பக்கமே போகக்கூடாது என்று தனி ஜார் வாங்கியாயிற்று. கஞ்சிப் பதத்துக்கு அரைத்து, கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்தி உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தேன். குளிர்ந்த கறியில் வாசனை எழும்பாது. அதற்காக அடுப்பில் வைத்தால் வெந்துவிடும்.

சுக்கு வந்தாள். மூக்கை விளிம்பில் வைத்து இரண்டு இழுப்பு. பிறகு தரையைக் கிண்ணத்தின் மேல் தள்ளி மூடுவது போல மூக்காலேயே உழுதுகொண்டு பின்வாங்கினாள். மிளகு நேராகச் சூப்பில் கால் வைத்து, அந்தப் பக்கம் இறங்கி, காலை உதறிவிட்டுப் போனான்.

பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று நினைக்கக்கூடாது. இந்த வயதுக் குட்டி சில மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்தாலே ரத்தச் சர்க்கரை சரிந்து துவண்டுவிடும். உலர்தீனிக் கிண்ணம் எப்போதும் இருக்கும். சூப் நாளுக்கு மூன்று முறை, அவை தூங்கி எழுந்த கையோடு, அரைமணி நேரம்.

ஜூலை 12, சனி

முப்பதை நெருங்கும் வெயில். ஃபெரெட்டுக்கு வியர்க்காது, நம் ஊர் வெயிலுக்கெல்லாம் தாங்கவே தாங்காது. பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றி வைத்தோம், இரண்டும் அதைக் கட்டிக்கொண்டு கிடந்தன. சூப் இருபது நிமிடத்தோடு சரி.

விரலில் தொட்டு உதட்டில் தடவுவதுதான் இப்போதைய வேலை. தடவியதும் நக்கித்தானே ஆக வேண்டும். மிளகு நக்கினான், யோசித்தான், என் விரலைக் கடித்தான். கடித்த இடத்தில் கறி வாசனை இருந்ததால் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறேன். உலர்தீனியைப் பொடித்துச் சூப்பின் மேல் தூவினால் கிட்டே வரவாவது செய்கிறார்கள்.

ஜூலை 16, புதன்

கிர்க்கேட் மார்க்கெட்டின் கறிக்கடை வரிசையில் கோழி இறக்கை, கழுத்து, ஆட்டு இதயம் வாங்கினேன். இங்கே யாரும் விரும்பி வாங்காத பாகங்கள்தான் எங்களுக்கு வேண்டும், அதனால் விலையும் குறைவு. அப்புறம் ஹேர்ஹில்ஸ் ஹலால் கடையில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், கேட்டேன். என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் விலாவைத் தொட்டுக் காட்டினேன். கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்துவந்து, "வறுவலா, குழம்பா?" என்றார். யாருக்கென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பார், ஆனால் பாதியை நாங்கள்தானே வறுக்கப் போகிறோம்.

கணக்கு இதுதான்: எலும்பு பத்தில் ஒரு பங்கு, உள்ளுறுப்பு பத்தில் ஒரு பங்கு, மற்றதெல்லாம் சதை. உள்ளுறுப்பில் பாதி ஈரல், பாதி சுவரொட்டியோ சிறுநீரகமோ. ஈரல் சத்தானது என்று அள்ளிப் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சி எலும்பைக் கெடுக்கும். இதயம் பார்க்க உள்ளுறுப்பு, கணக்கில் சதை. டாரின் என்ற சத்து அதில் நிறைய இருக்கிறது, அதனால் வாரத்தில் பல நாள் வேண்டும். வெறும் கோழி நெஞ்சுக்கறியைப் போட்டு 'பச்சைக்கறிதான் கொடுக்கிறேன்' என்பவர்களும் இருக்கிறார்கள். வளர்கிற குட்டிக்கு எலும்பில்லாத கறி மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் வளைந்துபோகும். அதற்கு உலர்தீனியே மேல்.

ஜூலை 19, சனி

சுக்கு குடித்தாள்!

சால்மன் எண்ணெய் இரண்டு சொட்டுச் சூப்பின் மேல் விட்டிருந்தேன். எண்ணெயை நக்க வந்தவள், எண்ணெய் தீர்ந்தது தெரியாமல் நக்கிக்கொண்டே போனாள். வால் மட்டும் பாட்டில் தூரிகையாகச் சிலிர்த்து நின்றது. அவள் வாயை மோந்து பார்த்த மிளகு, கிண்ணத்தை மோந்தான், திரும்ப அவள் வாயை மோந்தான். இரவுக்குள் அவனும் தொடங்கிவிட்டான். ஒற்றைக் குட்டி வளர்ப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை, பாவம்.

ஜூலை 24, வியாழன்

இந்த வாரம் முழுக்க மலம் பார்ப்பதே பிழைப்பு. கொஞ்சம் இளகல், ஒருநாள் பச்சையாகச் சளி மாதிரி. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். இரண்டும் துள்ளி விளையாடுகின்றனவா, தண்ணீர் குடிக்கின்றனவா, பிடரித் தோலை இழுத்துவிட்டால் உடனே படிகிறதா என்று கேட்டார்கள். எல்லாம் சரி. அப்படியானால் இரண்டு நாள் கோழியோடு மட்டும் நிறுத்துங்கள், ஒரே நேரத்தில் நாலு புதுசைத் திணிக்காதீர்கள் என்றார் மருத்துவர். தார் மாதிரிக் கருப்பாகப் போனால் உள்ளே ரத்தம் என்று அர்த்தம், அப்போது போன் செய்துகொண்டிருக்காமல் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி போல உதிர்ந்தால் எலும்பு அதிகம்.

ஜூலை 31, வியாழன்

சூப்பைக் கெட்டியாக்கி, பிறகு கொத்துக்கறி, இப்போது சுண்டுவிரல் நகமளவு துண்டுகள். மிளகுக்குத் துண்டு என்றால் தூக்கிக்கொண்டு போய் ஒளித்துவைக்க வேண்டும். சோபாவுக்கு அடியில், அவர் அலுவலகப் பைக்குள், மகளின் மழைக்கால பூட்சுக்குள். உலர்தீனியை ஒளித்தபோது யாரும் கவலைப்படவில்லை. இப்போது கூண்டுக்குள் விரிப்புப் போட்டு அங்கே மட்டும்தான் சாப்பாடு, முடிந்ததும் நான் எண்ணிச் சரிபார்த்த பிறகே கதவு திறக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இறக்கை நுனி. சுக்கு அதை முன்னங்காலால் அமுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கடைவாய்க்குக் கொண்டுபோனாள். நறுக். நிறுத்தி எங்களைப் பார்த்தாள், சத்தம் தன்னிடமிருந்துதான் வந்ததா என்று. பிறகு நறுக், நறுக், நறுக். கடைவாய்ப் பல் கத்தரி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று உரசிப் போவது பக்கவாட்டில் தெளிவாகத் தெரிந்தது. எலும்பு, தோல், குருத்து எதுவும் மிச்சமில்லை. பச்சை எலும்பு இப்படி மெத்தென்று நொறுங்கும். வெந்த எலும்பு ஊசியாகப் பிளக்கும், அதனால் நம் குழம்பு எலும்பு எக்காரணம் கொண்டும் கூடாது.

ஆகஸ்ட் 9, சனி

அவருக்குக் காய்ச்சல், தும்மல். குட்டிகள் இருக்கும் அறைப் பக்கம் வரத் தடை. நம் ஃப்ளூ ஃபெரெட்டுக்கு அப்படியே ஒட்டும். 1933இல் லண்டன் மில் ஹில் ஆய்வுக்கூடத்தில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும், ஃப்ளூ வந்தவரின் தொண்டை கொப்பளித்த நீரை ஃபெரெட் மூக்கில் விட்டுத்தான் மனித ஃப்ளூ வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். பிற்பாடு அங்கே நோயுற்ற ஒரு ஃபெரெட் ஆய்வாளர் முகத்திலேயே தும்மி அவரைப் படுக்கவைத்தது. "அப்ப கணக்கு நேராயிடுச்சு" என்றார் இவர், போர்வைக்குள்ளிருந்து.

சிரித்தாலும் பறவைக் காய்ச்சல் விஷயத்தில் எனக்குப் பயம் உண்டு. சென்ற டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகனில் பச்சை வான்கோழித் தீனி தின்ற வீட்டுப் பூனை எச்5என்1 வந்து செத்தது. இந்த மார்ச்சில் யார்க்‌ஷையரில் ஒரு செம்மறி ஆட்டுக்கே அந்தத் தொற்று. உறையவைத்தால் வைரஸும் சாகாது, வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமியும் சாகாது. அதனால் மனிதர் சாப்பிடும் தரத்தில், ஆய்வு முத்திரையோடு விற்கும் கோழி மட்டும்தான். யாரோ சுட்ட காட்டு வாத்து, வயலில் கிடந்த புறா எதுவும் வேண்டாம். கறி தொட்ட கை சோப்பு, கறி தொட்ட பலகை தனி. சாப்பிட்ட கையோடு முகத்தை நக்க வரும் மிளகுக்கு மகள் முத்தம் கொடுக்கக்கூடாது. இதில்தான் வீட்டில் தினமும் சண்டை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பக்கத்து வீட்டுத் தாத்தா ஒரு காட்டு முயலைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். வலையில் பிடித்ததா, சுட்டதா என்றுதான் முதலில் கேட்டேன். சுட்டதென்றால் ஈயக் குண்டு உள்ளே தங்கியிருக்கும். "வலைதான், என்னை யாருன்னு நெனச்ச" என்று கோபித்துக்கொண்டார். சில வாரம் ஃப்ரீசரில் இருக்கட்டும், ஒட்டுண்ணிகளுக்காக. முயல் கறியில் கொழுப்பே இல்லை, அதோடு ஆட்டுக் கொழுப்போ கோழித்தோலோ சேர்க்க வேண்டும்.

உறைந்த கோழிக்குஞ்சும் வாங்கியிருக்கிறோம், பருந்து வளர்ப்பவர்களுக்கு விற்பது. மஞ்சளாக, ரோமத்தோடு, முழுசாக. மகள் ஒரு நிமிடம் பார்த்தாள். "நாம சாப்பிடுறதும் இதுதானம்மா, பெருசானது" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான்தான் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். மஞ்சள் கரு அதிகம் என்பதால் வாரத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை.

செப்டம்பர் 6, சனி

மிளகு 1180, சுக்கு 690. ரோமம் பளபளக்கிறது, மலம் சின்னதாகிவிட்டது, மூத்திரப் பெட்டி நாற்றம் பாதி குறைந்தது. உடல் வாசனை அப்படியேதான் இருக்கிறது. அது தோலிலிருந்து வருவது, எந்தக் கறியாலும் போகாது.

உலர்தீனிப் பையைக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்றார் இவர். வேண்டாம் என்றேன். டிசம்பரில் மதுரை போகிறோம், இவர்களை விட்டுவிட்டுப் போகும் விடுதியில் பச்சைக்கறி வைக்க மாட்டார்கள், கேட்டுவிட்டேன். அந்த வாசனை மறந்துபோனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் புதன், சனி இரவுகளில் மட்டும் ஒரு கைப்பிடி உலர்தீனி, கறி வைக்காத நேரமாகப் பார்த்து. இன்று சனி. மிளகு உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோய் பூட்சுக்குள் போட்டுவிட்டு, கறிக்காகக் கூண்டு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறான். சுக்கு சாப்பிட்டுவிட்டாள்.