ஆறு டிரம், ஒரே எண்

லென்டின் கமிஷன் அறிக்கையின் ஜெராக்ஸ் என் கைக்கு வந்தபோது, நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சென்னைக்கு வெளியே ஒரு சின்ன சிரப் கம்பெனி. பெயர் வேண்டாம். தரக் கட்டுப்பாட்டில் மொத்தமே மூன்று பேர். எங்கள் சீனியர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டை எடுத்துக் கொடுத்து, "சாப்பாட்டு நேரத்துல படிப்பா, நம்ம வேலை என்னன்னு புரியும்" என்றார்.

1986 ஜனவரி, பிப்ரவரி. பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனை. மூளையிலோ கண்ணிலோ அழுத்தம் கூடியவர்களுக்கு கிளிசராலை, அதாவது கிளிசரினை, குடிக்கக் கொடுப்பது அன்றைக்கு வழக்கமான வைத்தியம். தேறி வீட்டுக்குப் போக வேண்டியவர்களுக்குச் சிறுநீர் நின்றுபோனது. 14 பேர் இறந்தார்கள். கொடுத்த கிளிசராலில் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படுகிற சரக்கு அது. பார்க்கக் கிளிசரின் மாதிரியே நிறமில்லாமல் இருக்கும், மணமும் கிடையாது. இனிக்க வேறு செய்யும்.

விசாரித்தவர் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி பக்தாவர் லென்டின். விஷம் எந்த டிரம்மில் வந்தது என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஃபைலின் வாலைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனார். லைசென்ஸ் கொடுத்தது யார், அரசு பேசிவைத்த விலைக்கு வாங்கும் ரேட் கான்ட்ராக்டில் அந்தச் சப்ளையரைச் சேர்த்தது யார், சரக்கு சரிதான் என்று சொன்னது யார். மகாராஷ்டிர சுகாதார அமைச்சர் பாய் சாவந்த் பதவி விலகும்வரை அது போனது.

என்னை உலுக்கியது அமைச்சர் கதை இல்லை. ஓரிடத்தில் லென்டின் ஒரு பட்டியல் போடுகிறார். ஒருவருக்கொருவர் கைமாறு செய்துகொண்டவர்கள் யார் யார் என்று வரிசையாகச் சொல்கிறார். நேர்மையற்ற லைசென்ஸ்தாரர்கள் முதலில். அடுத்து, மருந்துப் பரிசோதனைக் கூடங்கள். அதற்கப்புறம்தான் தயாரிப்பாளர்கள், வியாபாரிகள், சப்ளையர்கள், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அமைச்சர் நிலையில் இருந்தவர்கள் எல்லாம். சம்பந்தப்பட்டவர்களுக்கு இது கசக்கத்தான் செய்யும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்கிற தொனியில் முடிக்கிறார். தயிர்சாதம் பாதியில் நின்றது. இரண்டாவது இடத்தில் இருப்பது நாங்கள்.

படித்தவன் திருந்தியிருக்க வேண்டும், இல்லையா? அதே வருடம் ஐப்பசி மழையில் ஒரு நாள் சிரப்பில் சேர்க்க ஆறு டிரம் கிளிசரின் வந்து இறங்கியது. ஒரே சப்ளையர், ஒரே லாட் நம்பர், கூடவே அவர்கள் தந்த அனாலிசிஸ் சர்டிபிகேட். ஆறையும் திறந்து, ஒவ்வொன்றிலும் சாம்பிள் எடுத்து, தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கிளிசரின் மில்லிக்கு ஏறக்குறைய 1.26 கிராம் எடை. டைஎத்திலீன் கிளைக்கால் 1.12 தான். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலும் நல்ல தராசும் இருந்தால் ஆள்மாறாட்டம் தெரிந்துவிடும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் இது போதாது, அது வேறு விஷயம்.

தயாரிப்பு மேனேஜர் வாசலிலேயே நின்றார். "தம்பி, டேங்க் கழுவி வச்சாச்சு. லாரி நாளைக்கு மதுரை போகணும். ஒரே லாட்தானே?"

ஒரே லாட்தான். முதல் டிரம்மைத் திறந்தேன், பார்த்தேன், சரியாக இருந்தது. ஆறுக்கும் 'பாஸ்' என்ற பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். யாரும் காசு கொடுக்கவில்லை, மிரட்டவும் இல்லை. அவர் தம்பி என்று கூப்பிட்டார், மணி ஐந்தாகியிருந்தது, அவ்வளவுதான். லென்டின் அறிக்கையில் சொல்லும் ஊழலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சங்கிலியில் காசு வாங்காத கண்ணிகளும் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த சிரப்பால் எதுவும் ஆகவில்லை. ஆனதாக எனக்குத் தகவல் இல்லை என்று சொல்வதுதான் நியாயம். ஜே.ஜே.யில் ஒரே கூரையின் கீழ் இறந்தார்கள், அதனால் டாக்டர்கள் கோர்த்துப் பார்க்க முடிந்தது. கடைகளில் விற்கிற சிரப் நூறு ஊருக்குப் போகும். ஊருக்கு ஒரு குழந்தைக்கு சிறுநீர் நின்றால் காய்ச்சல் முற்றிவிட்டது என்றுதான் சொல்வார்கள். சென்னையிலேயே 1972-ல் இதே விஷத்தால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

2025 அக்டோபரில் அந்தப் பழைய ஜெராக்ஸைத் தேடி எடுத்தேன். மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பலரை நாக்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 20-க்கும் மேல் இறந்தார்கள். மருந்து, நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆயுதபூஜை விடுமுறையிலும் பரிசோதனைக் கூடத்தைத் திறந்துவைத்து சோதித்தது. 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1. விடுமுறையில் வேலை பார்த்த அந்த அனலிஸ்டுகளை நினைத்துப் பெருமையாக இருந்தது. பாதி பாட்டில் விஷம் என்றால் ஆலைக்குள் ஒருவர்கூட ஒரு துளி எடுத்துப் பார்க்கவில்லை என்று தோன்றியதும் அந்தப் பெருமை வடிந்துவிட்டது.

உரிமையாளர் கைதானார், லைசென்ஸ் ரத்தானது, இன்ஸ்பெக்டர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணை கேட்டுப் போன பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். கைது நடந்தால் ஓர் ஆள் உள்ளே போவான். சரக்கு வந்து இறங்கிய நாளில் யார் வாசலில் நின்றார், மணி எத்தனை, கையெழுத்துப் போட்ட பையன் என்ன நினைத்தான் என்பதெல்லாம் ஒருவர் உட்கார்ந்து கேட்டால்தான் வெளியே வரும்.

என் பதிவேட்டை யாராவது அப்படிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடம் போதும். ஆறு டிரம்முக்கும் ஆறு வரி எழுதியிருந்தேன். ஆறிலும் 1.258. ஒரே டிரம்மை ஆறு முறை நிறுத்தாலும் கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடும். அந்த வருடம் இன்ஸ்பெக்டர் வந்தார், அந்தப் பக்கத்தைத் திருப்பினார், டீ குடித்தார், கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டுப் போனார்.