டிம்மர் பக்கத்து நாற்காலி

மேடை விளக்கு வேலை என்றால் முழுக்கக் கலை என்று நினைத்துக்கொண்டுதான் அந்த நாடகக் குழுவில் சேர்ந்தேன். ஆரம்பத்தில் கிடைத்ததெல்லாம் கூட்டல், பெருக்கல். ஆயிரம் வாட் மேடை விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் ஒரு சேனல் பத்து ஆம்பியர் தாங்கும் என்றால் அதில் இரண்டு விளக்கு, அவ்வளவுதான். அரங்கத்தில் மொத்தம் எத்தனை ஃபேஸ், மைக் செட்காரர் எதில் இருக்கிறார், கரண்ட் போனால் ஜெனரேட்டர் எதையெல்லாம் தாங்கும் என்பது தெரிந்த பிறகுதான் காட்சிக்கு என்ன நிறம் என்ற பேச்சே எழும். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் இந்தப் பகுதி எனக்குச் சுலபமாகவே இருந்தது.

சென்னை சபா நாடகங்களில் பலருக்கும் இப்படி ஒரு பகல் வேலை உண்டு. கதாநாயகர் வங்கியில் இருப்பார், வில்லன் எல்ஐசியில் இருப்பார். அரங்கமும் நம் வசதிக்குக் கிடைக்காது. காலையில் அங்கே ஒரு உபன்யாசமோ கச்சேரியோ நடந்திருக்கும். ஏழு மணி நாடகத்துக்கு மூன்று மணிவாக்கில் வேன் வரும். தட்டிகளை இறக்கி நிறுத்தி, பின்னால் முட்டுக் கொடுத்து, விளக்குகளை மாட்டித் திருப்பி முடிப்பதற்குள் கேன்டீனில் போண்டா போடும் வாசனை வந்துவிடும். ஒத்திகைக்கென்று அரங்கத்தையே சில நாட்கள் கையில் கொடுக்கும் ஊர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். எலக்ட்ரீஷியனாக வந்து விளக்குக்காரர் ஆனவர். 'மூஞ்சிக்கு ஒரு பக்கம் வெயிலைக் குடு, இன்னொரு பக்கம் நிழலைக் குடு. மூக்கு தானா எழும்பும் தம்பி' என்பார். ரொம்ப நாள் கழித்து, யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளி கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932இல் எழுதிய முறையைப் படித்தேன். இரண்டு பக்கமும் 45 டிகிரி கோணத்தில் ஒவ்வொரு விளக்கு, ஒன்று வெதுவெதுப்பான நிறம், இன்னொன்று குளிர்ந்த நிறம். அண்ணன் சொன்ன அதே வெயிலும் நிழலும்தான். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்.

விளக்கைத் திருப்பும்போது அண்ணன் அதைப் பார்க்கவே மாட்டார். நடிகர் நிற்க வேண்டிய இடத்தில் போய் விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். தரையில் விழும் தன் நிழலைப் பார்த்துக்கொண்டே, 'கொஞ்சம் கீழ... போதும், முடுக்கு' என்று ஏணி மேல் இருக்கும் என்னிடம் குரல் கொடுப்பார். ஒளியின் நடு எங்கே என்று தலையின் நிழல் காட்டிவிடும். விளக்கையே முறைத்துப் பார்த்தால் கண் கூசும்; அப்புறம் கால் மணி நேரத்துக்கு எதை எடை போட்டாலும் தப்பாகத்தான் போடுவோம்.

நிறத்தையும் அவர் பேசிப் புரியவைத்ததில்லை. ஒருநாள் டிரங்குப் பெட்டியிலிருந்து சிவப்புப் புடவை ஒன்றை எடுத்துக் கொடியில் போட்டு, ஜெலட்டின் என்கிற நிறத் தாளில் பச்சையைப் போட்ட விளக்கை மட்டும் எரியவிட்டார். புடவை கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது. சரிகை மட்டும் எங்கேயோ தனியாக மிதந்தது. மணப்பெண் வரும் காட்சிக்கு டைரக்டர் தோட்டத்துப் பச்சை கேட்டால் ஏன் முகம் சுளிக்கிறோம் என்பது அன்றைக்குப் புரிந்தது. உடை எடுக்கும் அம்மாவிடம் முதல் வாரமே துணியின் நிறத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளும் பழக்கமும் அப்போது வந்ததுதான்.

இதையெல்லாம் ஒரு வருஷத்தில் பிடித்துவிடலாம். நாள் எடுத்தது கியூ. விளக்கை எப்போது மாற்றுவது என்பதைத் தாளில் வசனத்தோடு குறித்து வைத்திருப்போம். ஆனால் சபா நாடகத்தில் வசனம் தாளில் இருப்பதுபோல வராது. கைதட்டல் விழுந்தால் நடிகர் ஒரு வரி கூடப் போடுவார். அன்றைய பேப்பர் செய்தியைச் செருகுவார். சிரிப்பு அடங்கும்வரை நிற்பார். நாமோ வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருப்போம், அவர் அந்தச் சொல்லையே மாற்றியிருப்பார். கடைசியில் தாளை மூடி வைத்துவிட்டு மூச்சைக் கேட்கப் பழகினேன். நீளமான வசனத்தை முடிக்கப் போகிறவர் அதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பார். வெளியேறப் போகிறவரின் எடை முதலில் பின்னங்காலுக்கு மாறும். வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் பிடியில், அதாவது ஃபேடரில், விரல் அப்போதே நகர ஆரம்பித்துவிட வேண்டும். பார்வையாளர்களுக்கு விளக்கு மாறியதே தெரியக் கூடாது, ஏதோ சாயங்காலம் ஆகிவிட்டது என்று மட்டும் தோன்ற வேண்டும்.

இருட்டில் செட் மாற்றுவதும் தனி வித்தை. ஆளுக்கு இரண்டு சாமான், போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்று. சோபா வைக்கும் இடத்தில் தரையில் டேப் துண்டு. பிளாக் அவுட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். விளக்கு அணைந்ததும் அந்தக் கண்ணுக்கு இருட்டு ஏற்கெனவே பழகியிருக்கும்.

பழைய ஆட்கள் டீ குடிக்கும்போது நவாப் ராஜமாணிக்கம் நாடகங்களின் பிரம்மாண்டத்தையும், ஆர்.எஸ். மனோகர் நாடகங்களின் தந்திரக் காட்சிகளையும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். என் மனசு என்னவோ கொல்கத்தாப் பக்கம்தான். அங்கே 1959இல் 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதைத் ஒளி அமைப்பாளர் தாபஸ் சென் வெறும் ஒளியால் காட்டியிருக்கிறார். குழாயும் தொட்டியும் வைத்துத் தண்ணீரைக் கொட்டுவதைவிட அது எனக்குப் பெரிய வேலையாகத் தெரிகிறது. மேடை நனையாது என்பது கூடுதல் லாபம்.

இப்போது எல்லாம் எல்ஈடி. ஆம்பியர் கணக்குக்கு முன்போல வேலை இல்லை, ஜெலட்டின் தாள் வெட்டுவதும் குறைந்துவிட்டது. புதிதாக வரும் பிள்ளைகள் லேப்டாப்பில் கியூ முழுவதையும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் விலை குறைந்த எல்ஈடியை மெதுவாக இறக்கும்போது கடைசியில் படிப்படியாகக் குதித்து டப்பென்று அணையும். ஹாலோஜன் அப்படியில்லை, இழை சிவந்து, பழுத்து, நிதானமாக அடங்கும். கிழவர் தனியாக உட்கார்ந்திருக்கும் கடைசிக் காட்சிக்கு அது வேண்டியிருக்கிறது. அதனால் வேனில் இரண்டு பழைய விளக்குகளையும் ஒரு சின்ன டிம்மரையும் ஏற்றிக்கொண்டுதான் போகிறேன். ஒவ்வொரு சபாவிலும் யாராவது, 'இன்னுமா சார் இதைத் தூக்கிட்டு அலையறீங்க?' என்று கேட்பார்கள். பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று நான் அவர்களைத் திருப்பிக் கேட்பேன்.