மண்ணோடு வந்த 20 ரோமானியக் காசுகள்: ஒன்பது வாரக் குறிப்பு

எடுத்துக்கொண்டது 20 சின்னச் செப்புக் காசுகள். எல்லாம் கி.பி. 4ஆம் நூற்றாண்டு. விட்டம் 14 முதல் 19 மி.மீ., மண்ணோடு சேர்த்து எடை 1.4 முதல் 3.6 கிராம். பளபளப்பாக்குவது நோக்கமல்ல, எந்தப் பேரரசன், எந்த நாணயச்சாலை என்று படிக்க முடிந்தால் போதும். அதற்கு ஒரு காசில் நாலைந்து எழுத்து தெரிந்தாலே வேலை முடிந்தது. முகம் அழகாக வரட்டும் என்று சுரண்டப் போனால்தான் காசு கெடுகிறது.

முதல் நாள்: ஒவ்வொன்றின் எடையும் விட்டமும் குறித்து, இரு பக்கமும் படம் எடுத்தாயிற்று. 0.01 கிராம் காட்டும் தராசு தேவை. எடை பிறகு சாட்சி சொல்லும். எண் ஒட்டிய 20 கண்ணாடிக் குப்பிகள், குப்பிக்கு ஒரு காசு. எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டால் ஒன்றின் உப்பு மற்றதற்கும் போகும். ஊற்றியது பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர், குப்பிக்கு 30 மி.லி. (அதே அலமாரியில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்கவும்.) குழாய்த் தண்ணீர் கூடாது. அதிலுள்ள குளோரைடுதான் செம்புக்கு எமன்.

3 நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றம். முதல் இரண்டு மாற்றத்திலும் தேநீர் நிறம், மூன்றாவதில் தெளிந்தது. மென்மையான நைலான் பல்துலக்கியால் லேசாகத் தேய்த்ததில் 6 காசுகளில் உருவம் தலைகாட்டியது. மீதி 14இல் சுண்ணாம்பு கலந்த கெட்டி மண். அவை இன்னும் ஊறட்டும்.

3ஆம் வாரம் முள் வேலை. 10 மடங்கு லென்ஸ், பக்கவாட்டில் ஒரு விளக்கு, கையில் கருவேல முள். எஃகு ஊசியை விட முள் மேல்: மண்ணை விடக் கெட்டி, களிம்புப் படலத்தை விட மெத்து. நுனி மழுங்கினால் அடுத்த முள். காசை ஈரமாகவே வைத்து, ஓரத்து எழுத்து வளையத்தில் தொடங்க வேண்டும், முகத்தில் அல்ல. வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்தால் எழுத்து மறைந்துவிடும்; கிட்டத்தட்டக் கிடையாக விழ வேண்டும்.

எண் 7தான் பாடம் சொன்ன காசு. பின்பக்கம் இரண்டு வீரர்கள், ஈட்டியோடு எதிரெதிரே. 'குளோரியா எக்ஸெர்கிட்டுஸ்', அதாவது படையின் புகழ். இந்த வகையில் முதலில் பார்க்க வேண்டியது வீரர்களுக்கு நடுவில் எத்தனை படைக்கொடி என்பது. இரண்டு கொடி என்றால் 330 முதல் 335 வரை, எடை சுமார் 2.4 கிராம். ஒரே கொடி என்றால் அதற்குப் பின் 341 வரை, எடை சுமார் 1.6. காசு இளைத்தபோது படத்திலும் ஒரு கொடி போனது. எண் 7இல் ஒரு கொடி. சுத்தம் செய்த பின் எடை 1.58. பொருந்துகிறது.

இனி யார்? இங்கேதான் பலரும் சறுக்குவது. பேரரசன் கான்ஸ்டன்டைனின் மகன்கள் மூவரும் பெயரிலும் முகத்திலும் ஒரே அச்சு. சி-ஓ-என்-எஸ்-டி-ஏ-என் என்ற முதல் 7 எழுத்தும் மூவருக்கும் பொது. எட்டாவது எழுத்து எஸ் என்றால் கான்ஸ்டான்ஸ். டி என்றால் மற்ற இருவரில் ஒருவர்; அப்போது பத்தாவது எழுத்துக்குப் போக வேண்டும். அது வி (காசில் 'யு'வையும் வி என்றே எழுதுவார்கள்) என்றால் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ், என் என்றால் கான்ஸ்டன்டைன். அப்பனா மகனா என்பதற்குத் தொடர்ந்து 'மாக்ஸ்' என்றிருந்தால் அப்பன், 'இயுன்' என்றிருந்தால் இளையவன். ஆக, எண் 7இல் திறக்க வேண்டியிருந்தது இரண்டு எழுத்து இடம் மட்டும். எட்டாவது டி, பத்தாவது வி. கான்ஸ்டான்டியஸ். தலையில் மணிகள் கோத்த பட்டம் இருப்பதால் பட்டமேறிய பிறகு, அதாவது 337க்குப் பின். இளவரசனாக இருந்தபோது அடித்ததில் இலை மாலைதான் இருக்கும்.

அடிக்கோட்டுக்குக் கீழே ஊர்க் குறி: எஸ்-எம், பிறகு இரண்டு எழுத்து. எஸ்-எம்-ஏ-என் என்றால் அந்தியோக்கியா. எஸ்-எம்-என்-ஏ என்றால் நிக்கோமீடியா, முதலாம் பட்டறை. இரண்டு எழுத்து இடம் மாறினால் ஊரே மாறும். ஏ எழுத்தின் குறுக்குக்கோடு பெரும்பாலும் தேய்ந்திருக்கும், ஆகவே அவசரப்படக் கூடாது. இது அந்தியோக்கியா.

கெடுத்ததும் ஒன்று உண்டு. எண் 13இல் மண் விடவில்லை என்று எலுமிச்சைச் சாற்றில் 2 நிமிடம். மண் போனது, எழுத்தும் சேர்ந்து போனது. மிஞ்சியது ரோஜா நிறத்தில் குழிவிழுந்த செப்புத் தகடு. காரணம் எளிது: 1,600 ஆண்டு மண்ணில் கிடந்த காசின் மேற்பரப்பு இப்போது உலோகமே அல்ல, செப்பு ஆக்சைடும் பச்சைக் களிம்பும்தான். எழுத்து நிற்பது அந்தப் படலத்தில். அமிலம் அதைத்தான் முதலில் கரைக்கும். வினிகர், புளி, மின்பகுப்பு எல்லாம் இதே கதை. ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் பழக்கம் இருக்கிறது. அதுவும் மெல்லிய அமிலமே, பிசுக்கை எடுக்க ஆசிட்டோன் வேறு தேவைப்படும். தண்ணீரே போதும், பொறுமை இருந்தால்.

5ஆம் வாரம் எண் 4, 17இல் வெளிர்பச்சைத் தூள். விரலில் ஒட்டினால் அது களிம்பல்ல, வெண்கல நோய். உள்ளே சிக்கிய செப்புக் குளோரைடு ஈரக்காற்றுப் பட்டதும் அமிலம் கக்கி, அந்த அமிலம் இன்னும் செம்பைத் தின்னும், சுழற்சி நிற்காது. சென்னை மாதிரி கடலோர ஊரில் மழைக்காலத்தில் இது சில நாளிலேயே பரவும். செய்தது: 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் நீரற்ற சோடியம் கார்பனேட் 28 கிராம், சமையல் சோடா 22 கிராம். தூளை முள்ளால் எடுத்துவிட்டு அதில் 4 வாரம், வாரம் ஒருமுறை புதுக் கரைசல். இரண்டாம் வாரம் கரைசல் லேசாக நீலமடித்தது; அப்படியென்றால் நல்ல படலமும் கொஞ்சம் கரைகிறது. அதனால் நோய் இல்லாத காசை இதில் போடவே கூடாது. பிறகு டிஸ்டில்டு வாட்டரில் அலசல், ஆசிட்டோனில் முக்கி உலர்த்தல். நோய் போனதா என்று பார்க்க, ஈரப் பஞ்சோடு மூடிய டப்பாவில் 2 நாள். எண் 17 தேறியது. எண் 4இல் மறுபடி ஒரு புள்ளி, ஆகவே இன்னொரு சுற்று.

மற்றவை சுருக்கமாக. குளோரியா எக்ஸெர்கிட்டுஸ், எண் 7 சேர்த்து, 6. குதிரையிலிருந்து விழும் எதிரியை ரோம வீரன் ஈட்டியால் குத்தும் 'ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ' 5. இது 348இல் தொடங்கிய வகை. அதில் ஒன்றில் தலையில் பட்டமும் இல்லை, மாலையும் இல்லை: இளவரசர் காலுஸ் அல்லது ஜூலியன், பெயர் அழிந்திருப்பதால் அதற்கு மேல் சொல்ல வழியில்லை. மாலைக்குள் 'வோட்டா' (வேண்டுதல்) எழுத்து 2. ஓநாய் இரட்டைக் குழந்தைக்குப் பாலூட்டும் 'உர்ப்ஸ் ரோமா' 1. இதில் பேரரசன் பெயரே இருக்காது, தேடி நேரம் வீணாக்க வேண்டாம். பேரரசர்கள் வாலென்ஸ், வாலென்டினியன் காலத்தவை 3. இந்த இருவரையும் பிரிப்பது வி-ஏ-எல்-இ-என்னுக்கு அடுத்த ஆறாவது எழுத்து: எஸ் அல்லது டி.

கரூர் அமராவதி ஆற்று மணலிலும் இலங்கையிலும் கிடைப்பது இதே குடும்பத்துச் செப்புக் காசுகள்தான். அவை பெரும்பாலும் மிகவும் தேய்ந்தவை, ஊர்க் குறி அரிது. இலங்கைக் காசுகளில் உள்ளூரிலேயே பார்த்து அடித்தவையும் உண்டு. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடும் புள்ளியும் இருக்கும். அவற்றில் எட்டாவது எழுத்து விதியெல்லாம் செல்லாது.

உலர்ந்தவற்றுக்கு மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு, அரிசி அளவு, பருத்தித் துணியால் மெல்லியதாக. காகித உறைகளில் போட்டு, சிலிக்கா ஜெல் உள்ள இறுக்கமான டப்பாவில் வைத்தாயிற்று. படிக்க முடியாத எண் 9, 18 மறுபடி தண்ணீரில்.